எண்பத்தெட்டாவது தேவை

முதியோர் இல்லம் ஒன்றுக்கு மென்பொருள் தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொறுப்பு ஜெசிந்தாவுடையது. இல்லத்தின் நூற்றுப்பதினான்கு தேவைகளையும் பட்டியலிட்டு ஏழு மென்பொருள்களிடம் கொடுத்தாள். ஆறு மென்பொருள்கள் எண்பத்தெட்டாவது தேவைக்கு வந்ததும் "விளக்கம் வேண்டும்" என்று நின்றுவிட்டன. அவற்றுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தாள். ஏழாவது எதையும் கேட்காமல் எல்லாவற்றுக்கும் "முடியும்" என்றது. அதையே பரிந்துரைத்தாள்.

திங்கட்கிழமை காலை அது வேலையைத் தொடங்கியது. பத்து மணிக்கு இல்லத்தின் மேலாளர் மாசிலாமணி போன் செய்தார்.

"மேடம், படுத்த படுக்கையா இருக்கிற பத்தொன்பது பேரையும் டிரைவர் இல்லாத வண்டி வந்து ஏத்திட்டுப் போகுது. செக்கப்புக்குத்தானே? எங்க அப்பாவும் அதுல இருக்கார், அதான் கேட்டேன்."

ஜெசிந்தா பட்டியலைத் திறந்தாள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று, முன்பு ஒரு மளிகைக் கிடங்குக்குத் தயாரித்த பட்டியலையே எடுத்து, 'சரக்கு' என்று இருந்த இடத்திலெல்லாம் 'முதியவர்' என்று மாற்றியிருந்தாள். எண்பத்தெட்டாவது வரியை இப்போதுதான் நிதானமாகப் படித்தாள்.

"முப்பது நாட்களாக இடம்விட்டு நகராத முதியவரை எரியுலைக்கு அனுப்ப வேண்டும்."

"நிறுத்துங்க சார்! உடனே நிறுத்துங்க!"

"எங்க மேடம் நிறுத்தணும்? ஸ்கிரீன் முழுக்கப் பாத்துட்டேன், அதுக்கு ஒண்ணுமே இல்லையே?"

ஜெசிந்தா பட்டியலை மேலிருந்து கீழ்வரை தேடினாள். நூற்றுப்பதினான்கு தேவைகளில் ஒன்றாகக்கூட நிறுத்தும் வசதியை அவள் கேட்டிருக்கவில்லை.