நடக்காத இறுதிப் போட்டி

கீரி என்கிற மீனவ ஊரின் கரையில் வெயில் ஏறுகிறது. வள்ளங்களால் இறங்கியவர்கள் கடற்படைக் காவலரணுக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். பஸ்ரியனின் முறை வந்ததும் சோதிக்கிற அதிகாரி அவன் முகத்தை உற்றுப் பார்த்துச் சிரிக்கிறான். பஸ்ரியனுக்கும் ஆளைத் தெரிகிறது. கொழும்பில் நடக்க இருந்த குத்துச்சண்டை இறுதிப் போட்டியில் எதிரே நிற்க வேண்டியவன். கலவரத்தில் ரயில் ஓடவில்லை, பஸ்ரியன் போகவில்லை, கிண்ணம் சும்மா இவனுக்குப் போனது. போயிருந்தால் யார் வென்றிருப்பார் என்று இந்தக் கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். "அன்னைக்கி நீ வந்திருந்தா, யார் வெல்லுறது?" அதிகாரி கொச்சைத் தமிழில் கேட்டு, விளையாட்டாக இரண்டு கைமுட்டிகளையும் உயர்த்துகிறான்.

பஸ்ரியன் யோசிக்கவில்லை. நாடி மார்பில் பதியத் தாழ்கிறது, இடது கால் மணலில் முன்னே ஊன்றுகிறது, செதில் ஒட்டிய முட்டிகள் தாமாகவே முகத்துக்கு ஏறுகின்றன. பக்கத்துச் சிப்பாயின் துவக்கு அவன் நெஞ்சுக்குத் திரும்புகிறது. மீன் கடகத்தோடு நிற்கிற அவன் மனைவி மாக்கிறட் கெஞ்சுகிறாள்: "இஞ்சாருங்கோ, கையை இறக்குங்கோ. உங்களைக் கும்பிட்டன், இறக்குங்கோ." இறக்குகிறான். அதிகாரி சிரித்தபடியே நெருங்கி அவன் கன்னத்தில் செல்லமாகத் தட்டுகிறான். பிறகு இன்னொன்று, கொஞ்சம் பலமாக. தட்டுகிறபோதெல்லாம் அதிகாரியின் இடது கை தாழ்ந்துபோகிறது, நாடி முழுசாகத் திறந்து கிடக்கிறது. ஒரு குத்துப் போதும். பஸ்ரியன் கைகளைப் பின்னால் இறுக்கிக் கோத்துக்கொண்டு, அந்த நாடியையே பார்த்தபடி நிற்கிறான்.