இன்வெர்ட்டர் வீடு

நைஜீரியாவின் போர்ட் ஹார்கோர்ட்டில் அன்று மாலையும் மின்சாரம் போனது. பக்கத்து வீட்டு நிமியின் ஜெனரேட்டர் அலறியது. டமுனோ வீட்டு விளக்குகளும் எரிந்தன. ஜொலோஃப் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த விருந்தாளிகளுக்குக் கேட்கும்படி டமுனோ ஜன்னலில் நின்று கத்தினார்.

"நிமிம்மா, அந்த டப்பாவைத் தூக்கிப் போடு! என்னை மாதிரி இன்வெர்ட்டர் வாங்கு. சத்தமில்ல, புகையில்ல."

"அப்போ இதை நிறுத்திடட்டுமாண்ணே?"

"தாராளமா!"

ஜெனரேட்டர் அடங்கியது. டமுனோவின் வீடு இருண்டது.

மனைவி இபிசோ அவர் காதருகே வந்தாள். "நம்ம பேட்டரி செத்து மாசக்கணக்காச்சு. எல்லார்கிட்டயும் பெருமையடிச்சீங்களே, சொல்ல மனசு வரல. நிமியக்காதான் ஒயர் இழுத்துக் கொடுத்தாங்க."

இருட்டில் ஒரு கரண்டிகூட அசையவில்லை. டமுனோ மறுபடி ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"நிமிம்மா..."

"சொல்லுங்கண்ணே."

"சத்தம்... அப்படி ஒண்ணும் பெருசா இல்லம்மா."