முதலாளி எழுதிய ஆறுதல் கடிதம்

தண்டபாணியின் கிரைண்டர் பட்டறையில் பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கு லீவு தருவதிலிருந்து கல்யாண வாழ்த்து வரைக்கும், அவர் பேச்சு நடையிலேயே அவருடைய போனில் இருக்கும் 'நிழல்' என்ற ஏ.ஐ. செயலி எழுதி அனுப்பிவிடும். ஆட்கள் அவரைத் தங்கமான முதலாளி என்றார்கள். அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

ஆயுதபூஜைப் பொரியை மட்டும் தன் கையால் கொடுப்பார். வரிசையில் செல்வநாயகி வந்தாள். பதினோரு வருஷமாக மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுகிறவள்.

"ஏம்மா, ஊட்டுக்காரரு சௌக்கியமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டார்.

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அவரு போயி நாலு மாசம் ஆச்சுங்களே," என்றாள். "நீங்கதானுங்களே ரெண்டு பக்கம் ஆறுதல் எழுதுனீங்க? உங்கம்மா போனப்ப நீங்க சாப்பிடாமக் கெடந்ததெல்லாம் சொல்லி... பெரிய கம்பெனில கூப்பிட்டும் நான் போகாததுக்கு அந்தக் கடுதாசிதானுங்க காரணம்."

 தண்டபாணி அப்போதுதான் அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அவள் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நகர்ந்தாள்.

மறுவாரம் அவர் மேஜைமேல் ஒரு தாள் இருந்தது. மாசக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் செல்வநாயகியின் கோணல்மாணலான கையெழுத்தில் இரண்டே வரி.

"பதில் எழுதட்டுமா?" என்றது நிழல். அதை அணைத்துவிட்டு, பேனாவைத் தேடி எடுத்தார்.

'அன்புள்ள செல்வநாயகிக்கு' என்று எழுதினார். சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்வரை அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை.