கெர்வெல் வீட்டுக் கையெழுத்து

படத்தின் முன்னால் அந்த முதியவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

ஒரு ஜன்னல். அதில் உலரும் ஒரு வெள்ளைச் சட்டை. அவ்வளவுதான் படம்.

நாளை கண்காட்சி திறப்பு. சுவர் முழுக்க அப்பாவின் ஓவியங்கள். நடுவில் இது.

இதை மட்டும் வரைந்தது நாற்காலியில் இருந்த மகன்; அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

கெர்வெல் வீட்டில் எல்லோரும் ஓவியர்கள். தாத்தா தேவாலயங்களில் புனிதர்களை வரைந்தார். அத்தை விசிறிகளில் பறவைகளை வரைந்தாள். அந்த வீட்டில் தூரிகை பிடிக்காதது பூனை மட்டும்தான்.

படம் முடிந்ததும் கையெழுத்துப் போட மாட்டார்கள். வருடக் கடைசியில் ஒரு நாள், எல்லாவற்றையும் சுவரோரம் சாய்த்துவைத்து, அவரவர் படத்தில் அவரவர் போடுவார்கள்.

அந்த வருடம் அப்பாவுக்குக் கண்ணில் புரை. வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தவர், தன்னுடையது என்று நினைத்து மகனின் படத்திலும் போட்டுவிட்டார்.

பிறகு இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார்.

"இது நல்லா வந்திருக்கு."

மகன் பக்கத்தில்தான் நின்றான். அவன் வரைந்த எதற்கும் அப்பா அப்படிச் சொன்னதில்லை.

உண்மையைச் சொன்னால் அந்த வார்த்தை திரும்பப் போய்விடும். அவன் வாய் திறக்கவில்லை.

அதன்பின் அறுபது வருடம்.

நாடகத் திரைச்சீலை. தபால்தலை. போரின்போது பீரங்கிகளை மறைக்க இலைநிறம். பிஸ்கட் டப்பா. அப்பா கால் வைக்காத இடமாகத் தேடித் தேடிப் போனார் மகன்.

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று ஆரம்பித்தவர்கள், பிஸ்கட் டப்பாவைப் பார்த்ததும் பேச்சை மாற்றினார்கள்.

அப்பா போன பிறகும் அவர் சொல்லவில்லை. டப்பாக்காரர் சொன்னால் யார் நம்புவார்கள்?

மனைவி பாதியில் போய்விட்டாள். மாடியறையில் ஒரு தட்டு, ஒரு கோப்பை. ஞாயிற்றுக்கிழமைகளில் தனிமை அவரைத் தின்றது.

அருங்காட்சியகத்துப் பெண் சொலான்ஜ் காகிதத்தோடு வந்தாள். படத்தையே பார்த்தாள்.

"முசியே, ஒரு சந்தேகம். கையெழுத்து உங்க அப்பாவோடதுதான். ஆனா தீட்டின கை வேற."

அறுபது வருடத்தில் இதைக் கேட்ட முதல் ஆள்.



"என்னோடது," என்றார். "அவருக்குக் கண்ணு சரியில்ல. தெரியாம போட்டுட்டாரு."

அவள் சந்தேகப்படவில்லை. அப்பாவின் பெயர் எழுதிய அட்டையைச் சுவரிலிருந்து எடுத்தாள். அந்தச் சுவரில் நாளைக்கு மகனின் பெயர் இருக்கும்.

புதிய அட்டைக்காகப் பேனாவைத் திறந்தாள்.

"இதைப் பார்த்துட்டு அப்பா என்ன சொன்னாரு?"

அவர் வெள்ளைச் சட்டையைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குன்னாரு."

சொலான்ஜ் சிரித்த முகமாக எழுதிக்கொண்டாள்.

அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.