பொட்டு வைத்த பக்கம்

விரிசலை விட்டு அவள் கண் நகரவே இல்லை.

அழுத்தும் இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே அலுமினிய உருளை நின்றது. உள்ளே வெறும் காற்று. சுவர் காகிதக் கனம். இடுப்பில் விரல்நக நீளத்துக்கு ஒரு விரிசல், அவளே வெட்டி வைத்தது.

மூன்று கேமராவும் அதைத்தான் பார்த்தன.

விரிசல் உள்ள இடத்தில்தான் நசுங்கும் என்பது அவள் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடின் கட்சி.

இத்துனூண்டு விரிசல் ஒன்றும் செய்யாது, சுவரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பள்ளம் இருந்தால் அதுதான் ஆபத்து என்பது அவள் கட்சி. ஆய்வேடு முழுக்க அதைத்தான் எழுதியிருந்தாள். விரிசலில் நசுங்கினால் எல்லாம் அம்பேல்.

"பாக்கலாம்மா" என்றார் கைடு. அந்த 'ம்மா'விலேயே துக்க விசாரிப்பு தொடங்கியிருந்தது.

லேப் டெக்னீஷியன் தணிகாசலம் சுமையை ஏற்றினார். நேற்று ஆயுத பூஜை. இயந்திரத்துக்கு மாலை போட்டு, ஸ்பேனர் முதல் கம்ப்யூட்டர் வரை பொட்டு வைத்து, எல்லாருக்கும் பொரி கொடுத்தவர் அவர்தான். மாலை இன்னும் வாடவில்லை.

சுமை ஏறியது.

விரிசல் அசையவில்லை.

இன்னும் ஏறியது. கைடு கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

டமால்!

மூவரும் பின்னால் துள்ளினார்கள்.

விரிசல் அப்படியே இருந்தது. அதே விரல்நக நீளம். பரம சாது.

அப்புறம் எது நசுங்கியது?

அவள்தான் பின்பக்கம் ஓடினாள். சுவர் கட்டம் கட்டமாக மடிந்து கிடந்தது. மடிப்பின் நட்டநடுவில் காய்ந்த சந்தனம். அதன்மேல் குங்குமம்.

மேசையில் காத்திருந்த மற்ற உருளைகளைத் திருப்பினாள். ஒவ்வொன்றின் முதுகிலும் பொட்டு. ஒவ்வொரு பொட்டின் அடியிலும், தடவினால் மட்டும் தெரிகிற கட்டைவிரல் பள்ளம்.

தணிகாசலத்துக்கு முகம் வெளிறிவிட்டது.

"விரிசல் பக்கம் கை வைக்கக் கூடாதுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க. அதான் பின்னாடி வச்சேன்."

"போச்சு, சோதனையே கெட்டுப்…" என்று ஆரம்பித்த கைடு பாதியில் நிறுத்தினார்.

விரிசலைப் பார்த்தார். பொட்டைப் பார்த்தார். மறுபடி விரிசலுக்கு வந்தார்.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஐயோ அண்ணே, உங்க கட்டைவிரல் நல்லா இருக்கணும்!" குதிக்க வேண்டும்போல இருந்தது. குதித்தாள். மேசையில் மிச்சமிருந்த பொரி சிதறியது.

கைடு நசுங்கிய உருளையை வெளியே எடுத்தார். அடுத்த உருளையை அவரே தூக்கி வைத்தார்.

பிறகு கேமராக்களை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போய், பொட்டுக்கு நேராகத் திருப்பினார்.