பல்பொடி விளம்பரம்

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடி ஆறு மாதமாகிறது. கணவர் தனக்கோட்டியோடு மேட்னி சினிமாவுக்கு வந்த சம்பூரணத்துக்கு, விளம்பரம் பார்த்தே இடுப்பு விட்டுப்போனது. ஜவுளிக்கடை முடிந்து பல்பொடி ஓடும்போது, திரையின் ஓரத்தில் கையால் எழுதிய ஸ்லைடு ஒன்று வந்தது: ‘தனக்கோட்டி ஷிப்டுக்கு வரவும்.’

“மூடின மைன்ஸுல இன்னாங்க ஷிப்டு?” என்றாள்.

“கூப்ட்டா போவணுமில்ல,” என்று அலுத்துக்கொண்டே எழுந்து போனார் தனக்கோட்டி.

பல்பொடிக்காரி வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் திரும்பி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. புருவமெல்லாம் பாறைத்தூள். உள்ளங்கையில் புதுக் கொப்புளம். காலையில் மழித்த முகத்தில் முள்முள்ளாகத் தாடி.

“எட்டு மணி நேரம் முதுக ஒடிச்சிட்டாங்க,” என்று சீட்டில் சாய்ந்தார். “படம் எவ்ளோ போச்சு?”

“இன்னும் பல்பொடியே முடியல,” என்றாள் சம்பூரணம்.