மேல்வீட்டு மோட்டார்

கதவில் ஒட்டியிருந்த விலையைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தாள் தையற்காரி.

கணவர் சொன்னது நிஜம்தான். பூஜ்யம் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறார் என்றே நினைத்திருந்தாள்.

மூன்றாவது மாடி, கிழட்டுக் கட்டடம், இரண்டே அறை. அதற்குப் போய் இவ்வளவா?

மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும். சரி என்றோ வேண்டாம் என்றோ. கணவருக்கு முழங்கால் மடங்காது. எதிர்வரிசை மருந்துக்கடை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "நீ பார்த்துட்டு வந்து சொல்றதுதான்" என்று மொத்தப் பொறுப்பையும் இவள் தலையில் கட்டிவிட்டார்.

பழைய வீடுகளைப் புதுப்பித்து விற்றுத்தரும் கம்பெனியிலிருந்து வீட்டைக் காட்ட வந்த பெண் சாவியைத் திருகினாள். சின்னப் பெண், நல்ல வாய்.

தையற்காரி உள்ளே காலை வைத்ததும் அவள் கை தானாக வலப்பக்கச் சுவரைத் தடவியது. அங்கே சுவிட்ச் இல்லை. தேவையும் இல்லை. வீடு முழுக்க வெளிச்சம்.

அம்மாடி, என்ன வெளிச்சம்!

துணியின் மறுபக்கத்தைப் பார்க்காமல் அவள் விலை பேசவே மாட்டாள். கடைக்காரர்கள் முகம் சுளித்தாலும் புரட்டிப் பார்த்துவிடுவாள். வீட்டையும் அப்படித்தான் பார்த்தாள். கதவைத் திறந்து அதன் பின்பக்கம், அலமாரியின் உட்பக்கம், குழாயின் அடிப்பக்கம். குறை ஒன்றாவது அகப்படும் என்று தேடினாள். அகப்படவில்லை.

தரையில் கறுப்பும் சிவப்புமாகப் பூப்போட்ட கல். மேலே ஒட்டியிருந்த விரிப்பை உரித்தபோது அடியில் இருந்ததாம். கதவில் தேன் நிறத்தில் மரம். ஏழெட்டுப் பூச்சுப் பெயின்டைச் சுரண்டி எடுத்தார்களாம். எதுவும் புதிதாக வாங்கிப் போட்டதில்லை. எல்லாம் இங்கேயே இருந்தவை. கல்லைக் குனிந்து தொட்டுப் பார்த்தாள்.

"லிஃப்டும் அடுத்த மாசம் வந்துரும்மா" என்றாள் கம்பெனிப் பெண்.

"அக்கம்பக்கம் எப்படி?"

கேட்டிருக்க வேண்டாம். படியில் எதிரே இறங்கிப்போன பெரியவர் தன்னைப் பார்த்ததும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டது மனதில் உறுத்திக்கொண்டிருந்ததால் கேட்டுவிட்டாள்.

"படியில பார்த்தோமே, அவரா? மேல்வீட்டுக்காரர், தங்கமான மனுஷன். இங்க இருந்த அம்மாதான் பொல்லாதவங்களாம். ராத்திரியெல்லாம் உங்க மோட்டார் இரையுதுன்னு வருஷக்கணக்கா சண்டை. எங்க வீட்டுல மோட்டாரே இல்ல, வந்து பாருங்கன்னு இவரு எத்தனையோ தடவை கூப்பிட்டாராம். அந்தம்மா போகவே இல்லையாம்."

தையற்காரி குழாயைத் திறந்தாள், மூடினாள்.

கம்பெனிப் பெண் பின்னறைக்கு நடந்தாள். நல்லதைக் கடைசிக்கு வைத்திருந்தவளின் நடை அது.

"இந்த அறையில பகல்லயே லைட் போட்டாத்தான் கண்ணு தெரியுமாம். பாருங்க இப்ப."

பின்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு ஜன்னல்.

"யார் காலத்துலயோ பலகை அடிச்சு, மேல பெயின்ட் பூசிட்டாங்க. அதுக்கு முன்னால இரும்பு பீரோ. ஜன்னல் இருக்கறதே பாவம் அவங்களுக்குத் தெரியாது போல."

இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தாள்.

கடல்.

தையற்காரிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. பேருந்தில் ஊரைச் சுற்றிக்கொண்டு அரை மணி நேரம் போனால் வருகிற கடல், பின்சந்துக் கூரைகளுக்கு அந்தப் பக்கம், இத்தனை அருகில், இத்தனை பெரிதாக, யாரும் கேட்காமலே மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. ஒரு கப்பல் நின்ற இடத்திலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள், அப்போதும் தெரிந்தது.

பிறகு சத்தம் வந்தது. அடிவயிற்றிலிருந்து எழும்பும் இரைச்சல். ஏறியது, அடங்கியது, மறுபடி ஏறியது.

அவளுக்குத் தெரிந்த சத்தம். ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு பெரியதை ஒரு பீரோ மறைத்து வைத்திருக்கிறதே என்ற பிரமிப்பில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"விலை அதிகமா தெரியுதாம்மா?"

"ரொம்பக் கம்மி" என்றாள்.

கம்பெனிப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். வீடு பார்க்க வந்த யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை.

போன் அடித்தது. கணவர்.

"என்ன, சரின்னு சொல்லிடட்டுமா?"

அவள் போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தாள். கணவருக்கு எப்போதும் ஊருக்கே கேட்கிற குரல். அவர் எரிச்சலோடு கேட்டது அறை முழுக்கக் கேட்டது.

"அந்த ஆளு இன்னுமா மோட்டாரை மாத்தல?"

கம்பெனிப் பெண்ணின் சிரிப்பு பாதியில் நின்றது.

தையற்காரி போனைக் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"அது மோட்டார் இல்லங்க, கடல். நம்ம வீட்டுலயே இருந்திருக்கு. விக்க வேணாம். மெதுவா ஏறி வாங்க."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"மேல்வீட்டுக்காரர் இப்பத்தான் கீழ இறங்கினார். அங்க நின்னா, அவரையும் கையோட கூட்டிட்டு வாங்க."